எதன் மேல் எது? மர அம்புக்கு வர்ணம் பூசுகிற கதை

மர அம்பு செய்வதில் எது சிரமம் என்று எங்கள் கிளப்பில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். தண்டை நேராக்குவது என்பார் ஒருவர். இறகு ஒட்டுவது என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால் வர்ணம்தான். தண்டு கோணலாக இருந்தால் கையில் உருட்டும்போதே தெரிந்துவிடும். இறகு சரியாக உட்காரவில்லை என்றால் எய்த மறுநொடி தெரியும். பூச்சில் இருக்கிற கோளாறு மட்டும் அன்றைக்குத் தெரியாது. பளபளவென்று நிற்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு என்பார்கள். அப்புறம் ஒரு மழை நாளில், இலக்கிலிருந்து உருவும்போது, பட்டையாக உரிந்து கையோடு வரும்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு மேற்கே. இங்கே அக்டோபரில் தூறல் ஆரம்பித்தால் மே வரை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். வில் பயிற்சியை மழைக்காக நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் வில்லைத் தொடவே முடியாது. அதனால் பூச்சு எனக்கு அலங்காரம் மட்டும் இல்லை.

கார்பன் அம்பும் அலுமினிய அம்பும் கடையில் வரிசையாகக் கிடைக்கும்போது மரம் எதற்கு என்று வீட்டுக்காரர் இன்னமும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். என் வில் மரத்தாலான ரிகர்வ், அதாவது இரண்டு முனையும் எதிர்ப்பக்கமாக வளைந்த வகை, இழுவிசை 42 பவுண்டு. அதில் வைத்து எய்ய மர அம்புதான் எனக்குப் பிடிக்கிறது. தவிர, உலகத்தில் அம்புக்கென்று பேர்போன மரம் ஒன்று இந்த மாநிலத்திலேயே வளர்கிறது. இங்கே இருந்துகொண்டு அதைத் தொடாமல் இருப்பானேன்?

அந்த மரத்துக்குப் பேர் போர்ட் ஆர்ஃபர்ட் சீடார். பேரில்தான் சீடார், உண்மையில் சைப்ரஸ் குடும்பம். ஓரிகனின் தென்மேற்குக் கடற்கரையையும் அதை ஒட்டிய வட கலிஃபோர்னியாவையும் விட்டால் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. நேரான நார், எடைக்கு மிஞ்சிய வலு, அறுத்தால் இஞ்சி வாசனை. ஒரு காலத்தில் பேட்டரிக்குள் தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும் மெல்லிய பலகைகூட இதில்தான் செய்தார்கள், அமிலத்தைத் தாங்கும் என்பதால். ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர் ஹினோக்கி மரத்துக்குப் பதிலாக இதை நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். அதுபோக 1950களிலிருந்து வேரழுகல் நோய் ஒன்று இந்தக் காட்டுக்குள் புகுந்திருக்கிறது. வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டுகிற சேற்றோடு போய் அடுத்த ஓடைக்கரை மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நல்ல தண்டு இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை. கிடைத்ததை ஒழுங்காகப் பூசி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்டு எப்படிக் கிடைக்கும் என்றால், வட்டமாகக் கடைந்து, வளைவு பார்த்து, கட்டுக்கட்டாகப் பிரித்துத் தருவார்கள். அந்த வளைவுக் கணக்குக்கு ஸ்பைன் என்று பேர். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைப் படுக்க வைத்து நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால் வருவது ஸ்பைன். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. வில்லின் பலத்துக்கும் அம்பின் நீளத்துக்கும் தகுந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே கட்டில் இருக்கிற தண்டுகள் 5 பவுண்டுக்குள் அடங்கியிருக்கும்.

ஈரம் கெடுப்பது இதைத்தான். மரம் தண்ணீரைக் குடித்தால் தளர்ந்துவிடும், எடை கூடும், காயும்போது ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். காசு கொடுத்துப் பொறுக்கி வாங்கிய கணக்கு மொத்தமும் ஒரே மழையில் போய்விடும். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. காற்றிலிருக்கிற ஈரம் மெதுவாக உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் மெதுவாகப் போவதற்கும் மடமடவென்று குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உப்புத்தாள். 220ஆம் எண் தாளில் ஆரம்பித்து அதைவிட நைசான 320 வரைக்கும் போவேன். தண்டை டிரில்லில் மாட்டிச் சுழற்றித் தேய்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. குறுக்கே விழுகிற கீறல், ஸ்டெய்ன் என்கிற மரச்சாயம் பட்டதும் கறுப்பு வளையமாக எழுந்து நிற்கும். நாரின் வாக்கிலேயே நீளமாகத் தேய்த்தால் அந்தத் தொல்லை இல்லை. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் முடிபோல் எழும்பும். அதை 320 தாளால் லேசாகத் தட்டிவிட வேண்டும். இதை இப்போது செய்யாவிட்டால் முதல் பூச்சு அந்த வேலையைச் செய்யும், பளபளப்புக்கு அடியில் சொரசொரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

அடுத்தது ஸ்டெய்ன். பலர் தோல் சாயத்தை உபயோகிக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைந்த சாயம் என்பதால் நாரை எழுப்பாது, சட்டென்று காயும். நான் பெரும்பாலும் ஸ்டெய்ன் போடுவதில்லை. இந்த மரத்தின் சொந்த நிறம் இளம் பொன்மஞ்சள். அதன் மேல் வால்நட் பழுப்பைப் பூசி அதை வேறு ஏதோ மரமாகக் காட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இது என் ரசனை, அவ்வளவுதான்.

இனிமேல்தான் தலைப்பில் இருக்கிற கேள்வி வருகிறது.

அம்பின் மேல் குறைந்தது நாலு விதமான சரக்கு ஏறுகிறது: மரத்தை அடைக்கிற முதல் பூச்சு, பின்பகுதியில் கிரவுன் எனப்படும் ஒற்றை நிறம், அதன் முன்னால் கிரெஸ்டிங் என்கிற வளையங்கள், எல்லாவற்றுக்கும் மேலே தெளிந்த வார்னிஷ். கடைசியாக இறகை ஒட்டும் பசை. இந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சரக்குதான். சேர்க்கும்போதுதான் வம்பு.

இந்தப் பூச்சுகளுக்கு உபயோகிக்கிற சரக்குகளில் லாக்கர் ஒரு வகை, எனாமல் இன்னொரு வகை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் குணம் என்னவென்றால், அது காய்வது வெறுமனே கரைப்பான் பறந்து போவதால். மறுபடி லாக்கர் பட்டால் பழைய பூச்சு கரைந்து புதியதோடு சேர்ந்து ஒரே படலமாகிவிடும். எனாமல் அப்படி இல்லை. காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்து, வேதியியல் மாற்றம் நடந்து இறுகுகிறது. ஒருமுறை இறுகினால் தன் கரைப்பானிலேயே திரும்பக் கரையாது. காய்ந்த லாக்கர் மேல் எனாமல் பூசலாம். ஆனால் எனாமல் மேல், அதுவும் இரண்டு நாள் முன்பு பூசிய எனாமல் மேல், லாக்கர் விட்டால் போச்சு. லாக்கரில் இருக்கிற வீரியமான கரைப்பான் அரைகுறையாக இறுகிய எனாமலுக்குள் புகுந்து ஊத வைக்கும். மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் இளகி, பாலாடைபோல் சுருங்கி எழும்பும்.

கிளப்பில் ஒருவர், வயதில் பெரியவர், கையெழுத்து மாதிரி நுணுக்கமாக வளையம் போடுகிறவர், ஒரு டஜன் அம்புக்கு எனாமலில் கிரெஸ்டிங் போட்டுவிட்டு அன்று மாலையே ஸ்பிரே லாக்கர் அடித்தார். அடித்த நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கிப் போகிற நெளிவு. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் திட்டவும் இல்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் தின்னரில் துடைக்க ஆரம்பித்தார்.

இதற்கு நடுவே சமாதானம் பேசுகிற சரக்கு ஒன்று உண்டு. ஷெல்லாக், நம் ஊர் அரக்கு. லாக்கர், எனாமல், தண்ணீரில் கலந்த அக்ரிலிக், பாலியூரத்தேன் எல்லாவற்றோடும் ஒட்டும், எல்லாவற்றையும் தன்மேல் ஒட்டவிடும். ஒரு நிபந்தனை, மெழுகு நீக்கிய ஷெல்லாக்காக இருக்க வேண்டும். மெழுகோடு இருப்பதன் மேல் பாலியூரத்தேன் பிடிக்காது. செதிலாக வாங்கி ஆல்கஹாலில் ஊறவைத்து நானே கரைத்துக்கொள்கிறேன். ஒரு கேலன் ஆல்கஹாலுக்கு 2 பவுண்டு செதில் என்கிற கணக்கு, அதற்கு 2 பவுண்டு கட் என்று பேர். எனக்கு ஜாம் பாட்டில் அளவுதான் தேவை, அதே விகிதத்தில் குறைத்துக்கொள்வேன். கரைத்தது மாதக்கணக்கில் நின்றுவிட்டால் சரியாகக் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் பாட்டிலின் மேல் தேதி எழுதி வைப்பேன்.

அந்தச் செதில் வருவது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரச மரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் அரக்குப் பூச்சி சுரந்து வைப்பதைச் சுரண்டி, உருக்கி, செதிலாக்கி அனுப்புகிறார்கள். ஓரிகன் மரத்துக்கும் ஓரிகன் மழைக்கும் நடுவே அந்த மெல்லிய அரக்குப் படலம் நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் அரக்கை மேல் பூச்சாக விட்டுவிட முடியாது. தண்ணீர் பட்டு நின்றால் வெளுத்துவிடும், ஆல்கஹால் பட்டால் கரையும். அடியிலும் நடுவிலும் வைத்தால் அருமையான சரக்கு.

கிரவுனுக்குப் போகலாம். பின்முனையிலிருந்து சுமார் 9 அங்குலம் ஒரே நிறம். இதைத் தூரிகையால் பூசினால் தடம் தெரியும். முக்கி எடுப்பதுதான் சரி. முக்கால் அங்குல பிளாஸ்டிக் பைப்பின் அடியை மூடி அடைத்து, நிறுத்தி வைத்து, அதில் பெயிண்ட் ஊற்றிக்கொள்கிறேன். குழாய் ஒல்லியாக இருப்பதால் கொஞ்சம் பெயிண்ட்டே போதும். ஆனால் வாய் வரைக்கும் ஊற்றக் கூடாது, தண்டு உள்ளே போனதும் வழியும்.

மெதுவாக இழுத்தால் பெயிண்ட் நிறைய ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. மெதுவாக இழுத்தால்தான் மெலிதாக நிற்கும், ஏனென்றால் மேலே ஏறி வந்த பெயிண்ட்டுக்குத் திரும்ப வழிந்து இறங்க நேரம் கிடைக்கிறது. வெடுக்கென்று உருவினால் தடிப்பாக ஏறி வந்து, அப்புறம் பாதித் தண்டில் நின்று கண்ணீர் விடும். நான் ஒன்பது அங்குலத்தை எடுக்க மனசுக்குள் ஒரு பாட்டின் பல்லவியை முழுசாகப் பாடுவேன். அடுத்தவர்கள் நொடி எண்ணுகிறார்கள். எடுத்ததைப் பின்முனை கீழே இருக்கும்படி துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் சொட்டு அந்த முனையில் போய்ச் சேரும். அந்த முனையை எப்படியும் பிறகு அரை அங்குலம் வெட்டிவிடுவேன்.

இரண்டு முனையிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பூசிவிட்டு, கடைசியில் வெட்டிச் சீவுவதுதான் என் வழக்கம். முன்னால் கூர்முனை உட்காரும் இடத்தை 5 டிகிரிக்கும், பின்னால் நாண் பிடிக்கும் நாக் உட்காரும் இடத்தை 11 டிகிரிக்கும் சீவ வேண்டும். பென்சில் சீவுகிற மாதிரி கருவியே இருக்கிறது. சீவிய இடத்தில் பூச்சில்லாத வெறும் மரம் வெளியே வரும், பசை மரத்தைப் பிடிக்கும். பெயிண்ட் மேல் முனையை ஒட்டினால் பசை பெயிண்ட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், உருவும்போது முனை இலக்கிலேயே தங்கிவிடும்.

லாக்கரை நான் கோடையில்தான் முக்குவேன். ஜூலை, ஆகஸ்டில் இங்கே காற்று நன்றாக உலர்ந்திருக்கும். ஈரக்காற்றில் முக்கினால் கரைப்பான் வேகமாகப் பறந்து மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து, மொத்தமும் பால் நிறத்தில் மங்கிவிடும். மெதுவாகப் பறக்கிற தின்னர் கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் காற்று ஒத்துழைக்கிற மாதத்தில் செய்வதே நிம்மதி. இன்னொன்று, இந்த ஊரில் பல வீட்டில் கராஜுக்குள்ளேயே எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கும், அடியில் சின்னச் சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். லாக்கர் ஆவி காற்றைவிட கனம், தரையோடு தவழ்ந்து போய் அதைத் தொட்டுவிடும். அதனால் எனக்குக் கொல்லைப்புறம்தான். ஆளி எண்ணெய் பூசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வேலியில் விரித்துக் காயப் போட்டால் ஆபத்து இல்லை.

கிரவுனுக்கு என்ன நிறம் என்பது அழகுப் பிரச்சினை என்று முதலில் தோன்றும். காட்டுக்குள் போய் ஓர் அம்பைத் தொலைத்தால் அந்த எண்ணம் மாறிவிடும். எங்கள் கிளப்பின் பாதை டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு அடியில், பாசியும் பெரணியுமாகப் போகிறது. அங்கங்கே நுரையால் செய்த மிருக உருவங்களை நிறுத்தியிருப்பார்கள். குறி தவறிய அம்பு புல்லுக்கும் பாசிக்கும் அடியில் பாம்புபோல் நுழைந்துவிடும், பின்முனை ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது. பச்சை கிரவுன் போட்டவர் அம்புக்கு அங்கேயே திதி கொடுத்துவிட வேண்டியதுதான். சிவப்பு பகலில் நன்றாகத் தெரியும், பொழுது சாய்ந்தால் முதலில் கறுத்துப் போகிற நிறமும் அதுதான். ஆரஞ்சு, இலையுதிர் காலத்தில் உதிர்ந்த மேப்பிள் இலைகளோடு கலந்துவிடும். வெள்ளைதான் பழைய ஆட்கள் சொல்கிற நிறம், நானும் வெள்ளையைத்தான் அடியில் போடுகிறேன். மேலே எலுமிச்சை மஞ்சளில் ஃப்ளோரசென்ட். அடியில் வெள்ளை இல்லாமல் அந்த மஞ்சளை நேரே மரத்தில் பூசினால் அழுக்காகத் தெரியும்.

வளையங்களுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

என் தாய்மாமா மதுரையில் போர்டு எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் பேனர் வருவதற்கு முன்னால் டவுனில் பாதிக் கடைகளின் பேர் அவர் கையெழுத்துதான். வீடியோ காலில் என் கராஜைக் காட்டினபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னத்தா இது, பிரஷ்ஷ இப்படிப் பிடிச்சிருக்க?" பத்து நிமிஷம் அதற்கே திட்டு வாங்கினேன். அப்புறம் அம்பைச் சுழற்றுகிற ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே. கையை ஆட்டாத, அது சுத்தட்டும். நீ சும்மா தொட்டுட்டு இரு," என்றார். கிரெஸ்டிங்கைப் பற்றி அதைவிடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அணில் முடி பிரஷ் நாலு அவர் அனுப்பியதுதான். நீளமான முடி, நுனி மெல்லியது. பெயிண்ட்டை நிறையப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

சுழற்றுகிற ஏற்பாடு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பழைய தையல் மெஷினின் மோட்டாரும் பெடலும். பலகையின் ஒரு ஓரத்தில் மோட்டார், அதன் அச்சில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டு, அது தண்டின் முனையைக் கவ்விக்கொள்ளும். பலகையில் இரண்டு இடத்தில் 'வி' வடிவத்தில் வெட்டி, கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறேன், தண்டு அதன் மேல் கிடந்து சுழலும். பெடல் இருப்பதால் இரண்டு கையும் வேலைக்கு மிச்சம், வேகத்தைக் காலால் கூட்டலாம் குறைக்கலாம். மெதுவாகச் சுழல்வதே நல்லது. வேகம் கூடினால் பெயிண்ட் தெறிக்கும்.

தண்டு கோணலாக இருந்தால் இங்கே அம்பலமாகிவிடும். சுழலும்போது துள்ளும், கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். நேராக்கும் வேலையை அரைகுறையாகச் செய்தவர் யார் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பட்டைகளின் இடத்தை ஓர் அட்டையில் குறித்து வைத்துக்கொண்டு, தண்டின் பக்கத்தில் பிடித்து, சுழலவிட்டு, பென்சில் நுனியால் தொட்டுக்கொள்வேன். டஜன் அம்பிலும் ஒரே இடத்தில் விழும். முதலில் அகலப் பட்டை. பிரஷ்ஷை நடுவில் வைத்து, ஒரு பக்கமாகக் கொண்டு போய், திரும்பி மறுபக்கம். அதன் ஓரம் எப்போதும் கொஞ்சம் பிசிறாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம். காய்ந்ததும் அந்த ஓரத்தின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும், பிசிறு அதற்கடியில் போய்விடும். கிரவுன் முடிகிற ஓரமும் இப்படித்தான் மறையும். நன்றாக அமைந்த கிரெஸ்டிங்கில் எந்தக் கோடு அழகுக்கு, எந்தக் கோடு எதையோ மூடுவதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மெல்லிய கோட்டுக்குப் பெயிண்ட் பதம் முக்கியம். தடிப்பாக இருந்தால் கோடு வரம்பாக எழும்பி நிற்கும், நகத்தால் தடவினாலே தெரியும். வளையம் இறகுக்கு முன்னால் இருக்கிறவரை வரம்பு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் சிலர் ஆசைப்பட்டு இறகுக்கு அடியிலும் வளையம் போடுகிறார்கள். இறகின் அடித்தண்டு அந்த வரம்பு மேல் ஏறி உட்காரும், இரண்டு வளையத்துக்கு நடுவே பசை பிடிக்காமல் இடைவெளி விழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அடியில் கோடாக வெளிச்சம் ஊடுருவும். அந்த இறகு நிற்காது.

என் வடிவம் கிரவுனுக்கு முன்னால் அடர் நீலப் பட்டை ஒன்று, இரண்டு பக்கமும் கறுப்பு, அப்புறம் ஒரு விரல்கடை இடம் விட்டு மெல்லிய சிவப்புக் கோடுகள் மூன்று. பொன்னிறப் பேனா நிறையப் பேர் உபயோகிக்கிறார்கள், கோடு நன்றாக வருகிறது. ஆனால் மேலே லாக்கர் பட்டால் சில பேனாக்களின் மை கலங்கி ஓடிவிடும். வெட்டிப்போட்ட துண்டு ஒன்றில் முதலில் சோதிப்பது புத்திசாலித்தனம். பேரை எழுதுவதற்கும் அதே எச்சரிக்கை.

பேர் எழுதுவது சும்மா ஆசைக்கு இல்லை. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு அம்பின் தண்டிலும் எய்கிறவரின் பேரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரே சுற்றில் எய்கிற அம்புகளின் இறகு, நாக், கிரெஸ்டிங் எல்லாம் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். ஒரே இலக்கில் நாலு பேருடைய அம்புகள் குத்தி நிற்கும்போது எது யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே. வளையங்கள் பிறந்ததே இந்தத் தேவைக்காகத்தான் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அடையாளம் மட்டும்தான் என்றால் ஒரு கோடு போதும். இஷியின் அம்புகளை நினைத்துக்கொள்வேன். யாஹி இனத்தின் கடைசி மனிதர், 1911ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே தனியாக வந்து நின்றவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டு, அவர் அம்பு செய்த விதத்தை விவரமாக எழுதி வைத்தார். ஹேசல் குச்சியைக் காயவைத்து, சூடு காட்டி நேராக்கி, வழவழப்பாகத் தேய்த்து, வர்ண வளையங்கள் போட்டிருக்கிறார் இஷி. வேறு யாருடைய அம்போடும் கலந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்காது. அவர் இனத்தில் அவரைத் தவிர யாருமே மிச்சம் இல்லை.

இன்னொரு பக்கம், போருக்குச் செய்த அம்புகளில் இந்த நளினம் குறைவு. 1545ல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982ல் தூக்கினார்கள். அந்தக் கப்பலிலிருந்து கிடைத்த அம்புகள் மூவாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் பாப்லர் மரம். இறகுகள் அழுகிப் போயிருந்தன. ஆனால் அவற்றை ஒட்டிய இடத்தில் செம்பு கலந்த பசையின் பச்சைத் தடமும், சுற்றிக் கட்டிய நூலின் தடமும் இருந்தன. செம்பு பூச்சிகளை அண்ட விடாது. மூட்டைமூட்டையாகக் கட்டி வருஷக்கணக்கில் கிடங்கில் வைக்கிற அம்புக்கு இறகைப் பூச்சி அரிக்காமல் இருப்பதுதான் முக்கியம், நீலப் பட்டையா சிவப்புக் கோடா என்பதா முக்கியம்?

மேல் பூச்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மெலிதாக இரண்டு மூன்று தடவை, நடுவில் இரும்புப் பஞ்சால் லேசான தேய்ப்பு, தூசு துடைப்பு. தடிப்பாக ஒரே தடவை போடுவதில் லாபம் கிடையாது. பூச்சுக்கும் எடை உண்டு, அதுவும் பின்பக்கம் ஏறுகிற எடை அம்பின் சமநிலையைப் பின்னால் இழுக்கும். பூசுவதற்கு முன்னால் எடைவாரியாகப் பொருத்தி வைத்த தண்டுகளைப் பூசிய பிறகும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பேன். ஒரு டஜனுக்குள் 10 கிரெய்ன் வித்தியாசத்துக்கு மேல் போகாமல் இருந்தால் எனக்குத் திருப்தி. 10 கிரெய்ன் என்றால் ஒரு கிராமில் முக்கால் பங்குக்கும் குறைவு.

இறகு ஒட்டும் பசைதான் கடைசிக் கண்டம். டுகோ சிமென்ட் மாதிரியான பசைகள் நைட்ரோசெல்லுலோஸ் வகை, லாக்கரின் உறவுக்காரர்கள். லாக்கர் மேல் வைத்தால் அதை லேசாகக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கி ஒட்டும், பிய்த்தால் பெயிண்ட்டோடுதான் வரும். அதையே தண்ணீர் வகைப் பாலியூரத்தேன் மேல் வைத்தால் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு குளிர் ராத்திரி கழித்து இறகு முழுசாக, அழகாக, ஒரே துண்டாகக் கழன்று விழும். அதற்கு வேறு பசை தேவை. இதற்கும் சோதனை எளிது. பூசிய மிச்சத் துண்டில் ஓர் இறகை ஒட்டி, மறுநாள் நகத்தால் நெம்புங்கள். இறகு கிழிந்தால் சரி. பசை கிளம்பினால் சரியில்லை.

வான்கோழி இறகுதான் எல்லோரும் உபயோகிப்பது. இடது சிறகு இறகா வலது சிறகு இறகா என்பதில் எது உயர்வு என்று சண்டை போடுவார்கள். ஒரே அம்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

இவ்வளவும் முடிந்து அம்பு தயாராகிவிட்டது, பளபளக்கிறது, உடனே எய்யலாமா? கூடாது. எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். நுரை இலக்கில் அம்பு பாயும்போது உரசலில் சூடு கிளம்பி நுரையே இளகி, தண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். இறுகாத பூச்சு என்றால் அதுவும் சேர்ந்து இழுபடும். நான் குறைந்தது மூன்று வாரம் தொங்கவிட்டு, பிறகு முன்பாதிக்கு மட்டும் கார் மெழுகு தடவி மெருகேற்றுகிறேன். மெழுகு இறகு ஒட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, பசை பிடிக்காது.

எய்ய ஆரம்பித்த பிறகு பூச்சு முதலில் தேய்வது முனைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அங்குலம். மண்ணில் குத்தும், கல்லில் உரசும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அம்பையும் விளக்குக்கு அடியில் உருட்டிப் பார்ப்பேன். மங்கலான திட்டு தெரிந்தால் அங்கே மரம் திறந்துகொண்டது என்று அர்த்தம். காயவிட்டு, 320 தாளால் இரண்டு இழுப்பு, பஞ்சில் தொட்டு ஷெல்லாக், மறுநாள் அதன் மேல் விரல்நுனியால் கொஞ்சம் வார்னிஷ். நுனியிலிருந்து நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் மட்டும் அந்த வேலையெல்லாம் கிடையாது, தண்டை இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுவேன். விரிசல் விட்ட அம்பு எய்யும்போது முறிந்தால் வில் பிடித்த கையில்தான் ஏறும். நாக், முனை இரண்டையும் சூடு காட்டிக் கழற்றினால் அடுத்த அம்புக்கு ஆகும். இறகு உருப்படியாக இருந்தால் அதையும் சீவி எடுத்துவிடலாம்.